எந்த ஜீப்புல போறீங்க? எல்லைப் பக்கத்துக் காய்ச்சல் கேள்வி பதில்

இந்தத் தடவ வந்ததுல பாதி கம்பம், கூடலூர், போடி பக்கத்துக் கேள்வி, மிச்சம் எல்லைக்கு அந்தாண்ட கேரளாவுல இருக்குற குமுளி, கட்டப்பனை. நான் டாக்டர் இல்ல, இந்த அடிவாரத்துல சுகாதார ஆய்வாளரா சுத்தி ரிட்டயர்டு ஆனவன், அதனால மாத்திரை அளவு கேட்டத எல்லாம் ஓரமா வச்சிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கம்பம்மெட்டு வழியா தினமும் ஏலத்தோட்டத்துக்கு போறோம். காய்ச்சல்னா ரெண்டு பக்கமும் "எங்க கேஸ் இல்ல"ங்கறாங்க. நாங்க யார் கணக்கு?

வழக்கமா குடியிருக்கிற ஊர் கணக்குதான். கட்டப்பனைல டெஸ்ட் எடுத்தாலும் தகவல் கம்பத்துக்கு வரணும். ஆனா நீங்க சீட்டு போடுற எடத்துல எஸ்டேட் பேரைச் சொல்லிட்டு வந்துடுவீங்க, அவங்க அங்க தேடுவாங்க, நீங்க சாயங்காலம் மலையிறங்கி வீட்டுல படுத்திருப்பீங்க. முன்னாடி எல்லாம் எஸ், பி, எல்னு மூணு ஃபார்ம், செவிலியர் சந்தேகப்பட்டது ஒண்ணு, டாக்டர் பாத்து சொன்னது ஒண்ணு, லேப் உறுதி பண்ணது ஒண்ணு, வாரம் ஒருக்கா பேப்பர்ல போகும். 2021ல இருந்து ஐஹெச்ஐபிங்கிற அரசாங்க நோய்த் தகவல் வெப்சைட்ல அன்னன்னைக்கே ஏத்தணும். வேகம் வந்துருச்சு, ஆனா தப்பான அட்ரஸ வேகமா ஏத்துனா அதுவும் தப்புதான்.

நான் கோட்டை விட்ட கத ஒண்ணு சொல்றேன். ஒரு மழை சீசன்ல மூணு ஊர்ல ஊருக்கு ஒரு பொம்பளைக்கு விடாத காய்ச்சல், மூணும் வேற வேற ஆரம்ப சுகாதார நிலையம், வேற வேற ஃபார்ம், ஊருக்கு ஒண்ணுன்னா யாரு திரும்பிப் பாப்பா, நானும் பாக்கல, பத்து நாள் ஓடிப்போச்சு. அப்புறம் எங்க கிராம சுகாதார செவிலியர் அக்காதான் ஒரு வீட்டுல கதவச் சாத்திட்டு பாத்தாங்க. பாவாடை நாடா கட்டுற எடத்துல கருப்பா ஒரு பொருக்கு, பீடியால சுட்ட மாதிரி, தொட்டா வலியே இல்ல. நான் கேட்டா அந்தப் பொண்ணு எப்படிக் காட்டும்? மத்த ரெண்டு பேருல ஒருத்தருக்கு அக்குள்ல அதே பொருக்கு. ஸ்க்ரப் டைபஸ். புல்லு, புதர்ல இருக்குற பொடி உண்ணி கடிச்சு வர்றது, ஆளுக்கு ஆள் ஒட்டாது, சீக்கிரம் கண்டுபிடிச்சா மாத்திரைல கேக்கும், விட்டா நுரையீரல், கிட்னின்னு எறங்கிடும். விசாரிச்சா மூணு பேரும் ஒரே ட்ரிப் ஜீப்பு, ஒரே தோட்டத்துல களையெடுப்பு! அன்னைல இருந்து என் நோட்டுல அட்ரஸுக்கு முன்னாடி "எந்த ஜீப்பு"ன்னு ஒரு கட்டம் போட்டேன். மேலிருந்து வந்த எந்த ஃபார்ம்லயும் அந்தக் கட்டம் இல்ல.

அதனால ஆஸ்பத்திரில வீட்டு அட்ரஸ், தோட்டத்துப் பேரு, எந்த ஜீப்பு, அதுல வேற யாருக்கு காய்ச்சல், நாலையும் சொல்லுங்க, கேக்காட்டியும் சொல்லுங்க.

கேரளாவுல நிபா வைரஸ் காய்ச்சல் வந்தா செக்போஸ்ட்ல நெத்திக்கு நேரா மெஷின் காட்டுறாங்களே, அதுல மாட்டுவாங்களா?

பெருசா மாட்ட மாட்டாங்க. வைரஸ் உள்ள போயி காய்ச்சல் வர பொதுவா 4ல இருந்து 14 நாள் ஆகும், அதுவரைக்கும் மெஷின் ஒண்ணும் காட்டாது, இதுல பாரசிட்டமால போட்டுட்டு பஸ் ஏறுற ஆளுங்க வேற. உண்மையான வேலை கேஸ் வந்த ஊர்லதான். 2018 மே மாசம் கோழிக்கோடு பேராம்பிராவுல ஒரே குடும்பத்துல அடுத்தடுத்து விழுந்தாங்களேன்னு டாக்டருங்க சந்தேகப்பட்டதாலதான் அது நிபான்னே தெரிஞ்சுது. அதுக்குள்ள முதல் நோயாளிகிட்ட இருந்து ஆஸ்பத்திரிக்குள்ளயே பரவிருச்சு, கவனிச்ச நர்ஸ் லினி உட்பட 17 பேர் போயிட்டாங்க. அப்புறம் அடக்குனது மெஷின் இல்ல, யார் யார் பக்கத்துல இருந்தாங்கன்னு லிஸ்ட் எழுதி 21 நாள் தினமும் விசாரிச்சது. செக்போஸ்ட்ல பேரும் போன் நம்பரும் கேட்டா சரியா குடுங்க, அங்க உருப்படியானது அந்த நோட்டுதான்.

ப்ரைவேட் லேப்ல கார்டு டெஸ்ட்ல டெங்கு பாசிட்டிவ். கவர்மென்ட் கணக்குல ஏத்தல. மறைக்கிறாங்களா?

எல்லா நேரமும் அப்படி இல்ல. எலிசாங்கிற லேப் ரத்த டெஸ்ட்ல வந்தாத்தான் உறுதியான கேஸ்னு எழுதுவாங்க, உடனே ரிசல்ட் சொல்ற கார்டு டெஸ்ட்ட சந்தேகம்னுதான் வைப்பாங்க. ஆனா கொசு மருந்துக்காரர் எலிசா வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அதுக்கு நீங்க சண்டை போடலாம், நானும் வர்றேன். அதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ் பின்னாடி தண்ணி தேங்குற தட்ட உருவிப் பாருங்க, டெங்கு கொசு அதுல முட்டை போடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.

போன ஞாயித்துக்கிழமை கல்யாண சாப்பாடு, இப்ப மஞ்சக்காமாலை. சமையல்காரர் மேல புகார் குடுக்கலாமா?

அவரை விடுங்க. தண்ணி, சாப்பாட்டுல பரவுற மஞ்சக்காமாலை, அதாவது ஹெபடைடிஸ் ஏ, வெளிய தெரிய 15ல இருந்து 50 நாள் ஆகும், ஒரு மாசத்துக்கு முந்தி எங்க தண்ணி குடிச்சீங்கன்னு யோசிங்க. கெணத்துக்கு ப்ளீச்சிங் பவுடர 1000 லிட்டருக்கு 2.5 கிராம்னு போடணும். கெணறு 3 மீட்டர் அகலம், தண்ணி 4 மீட்டர் ஆழம்னா சுமார் 28,000 லிட்டர், 70 கிராம் வரும். நோய் வந்த ஊர்ல ரெண்டு மடங்கு. வாளில கரைச்சு, சுண்ணாம்பு அடில தங்குனதும் தெளிஞ்ச தண்ணிய மட்டும் வேற வாளில ஊத்தி கெணத்துக்குள்ள எறக்கிக் கலக்கி விடுங்க. சாயங்காலம் போட்டா காலைல எறைச்சுக்கலாம். பவுடர அப்படியே கொட்டாதீங்க, வாய் தெறந்து கெடந்த மூட்டைனா சத்தும் இருக்காது.

வீட்டுக்காரருக்கு டிபி. வேலை இடுக்கில, மாத்திரை இங்க. பாதில மாத்தலாமா?

மாத்தலாம், டிபி நோயாளிக்குன்னு அரசாங்கம் குடுக்குற நிக்ஷய் நம்பரச் சொன்னா அந்தப் பக்கத்துக்கு மாத்திக் குடுப்பாங்க, நாடு பூரா ஒரே நம்பர். ஆறு மாசத்துல ஒரு நாள் கூட விடக்கூடாது, அதனால கைல மாத்திரை தீரும் முன்னாடியே மாத்திக்குங்க. சத்தான சாப்பாட்டுக்குன்னு அரசாங்கப் பணம் மாசத்துக்கு 1000 ரூபா கணக்குல பேங்க்ல விழும், 2024 நவம்பருக்கு முன்னாடி 500தான். சந்தேகம்னா தமிழ்நாட்டுல 104, கேரளாவுல 1056க்கு போன் பண்ணிக் கேளுங்க. இருமல் இல்லாட்டியும் வீட்டுல எல்லாரும் செக் பண்ணிக்கணும், தோட்டத்துல அவர் தங்குற லயத்துல (வரிசை வீட்டுல) அவரோட ஒரே ரூம்ல படுக்குறவங்க பேரையும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க, பேரு மட்டும் போதும்.