கார் இன்ஜின் பகுதியை வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா? எதெல்லாம் நனையக் கூடாது?

தாராளமாகச் செய்யலாம். ஏழெட்டு வருடமாக என் பெட்ரோல் காருக்கு வீட்டு வாசலில் நானேதான் செய்கிறேன். தண்ணீரை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, இது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு தடவைக்கு அரை வாளிக்கு மேல் செலவானதில்லை.

நானே இறங்கியதற்குக் காரணம் ஒரு வாட்டர் சர்வீஸ் கடை. பானெட்டைத் திறந்து பிரஷர் கன்னால் மேலிருந்து அடித்துவிட்டார்கள். வீடு வரை நன்றாகத்தான் வந்தது. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் ஒரே உதறல், டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு. மெக்கானிக் வந்து, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி, பிளக் உட்காரும் குழிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அந்த சிலிண்டர் அப்படியே மிஸ்ஸிங், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பல இன்ஜின்களில் அந்தக் குழிக்கு வடியும் வழி கிடையாது, போன தண்ணீர் அங்கேயே கிடக்கும். டயரில் நாம் வைக்கும் காற்று சுமார் 2 பார் அழுத்தம். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் சிறிய பிரஷர் வாஷர்களே 100 பாருக்குப் பக்கத்தில் அடிக்கும். சாலையில் தெறிக்கும் மழைநீரைத் தாங்குகிற ரப்பர் சீல் அதைத் தாங்காது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளும் மடங்கிவிடும்.

சரி, செய்யும் முறைக்கு வருகிறேன். வண்டி ராத்திரி முழுக்க நின்று ஆறியிருக்கும் காலை நேரம்தான் சரி. சூடான சைலன்சர் குழாயிலும் இன்ஜின் உலோகத்திலும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடக்கூடும். கை வெந்துபோவது தனி. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும், அதற்கும் ஆறவிடுவதே பாதுகாப்பு.

முதல் வேலை பேட்டரி. பெரும்பாலான கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். காரின் பாடி முழுவதும் மைனஸோடுதான் இணைந்திருக்கிறது. பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் நேராக ஷார்ட், பொறி பறக்கும். மைனஸை எடுத்துவிட்டால் அந்தப் பயமே இல்லை. கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றினால் சில மாடல்களில் ஸ்டீரியோ அதன் ரகசிய எண்ணைக் கேட்கும். அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தொட்டுத் தேயுங்கள். பொங்கி நுரைக்கும், நுரை அடங்கியதும் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். மேல்மூடிகள் உள்ள பேட்டரி என்றால் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா உள்ளே போனால் ஆசிட் வீணாகிவிடும். வயரை மாட்டி முடித்த பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் மறுபடி பூப்பது குறையும்.

அப்புறம் மூட வேண்டியவை: பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர், ஃப்யூஸ் பாக்ஸ், காயில்கள், ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் போதும். எத்தனை பை கட்டினோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மூடியும் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கும் அழுத்தமாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் ஓடுபவை. அவற்றின் பக்கம் கையே போக வேண்டாம், அந்த வேலை சர்வீஸ் சென்டருக்கு உரியது.

நனைப்பதற்கு முன் காய்ந்த குப்பையை எடுங்கள். வைப்பருக்கு அடியில் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் தட்டைக் கட்டாயம் பாருங்கள். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் சருகும் பூவும் சேர்ந்து மட்கி வடிகால் ஓட்டையை அடைத்திருக்கும். ஐப்பசி மழையில் காலடி மிதியடி நனைந்துபோவதற்குப் பல வண்டிகளில் இதுதான் காரணம். எலிப் புழுக்கை கிடந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், காய்ந்தபடி பெருக்கவும் கூடாது. கையுறையும் மாஸ்க்கும் போட்டு, பிளீச்சிங் கலந்த தண்ணீரில் முக்கிய துணியை அதன் மேல் கொஞ்ச நேரம் போட்டு வைத்து அள்ளுங்கள். எலிக்காய்ச்சல் அதன் சிறுநீர் வழியாகத்தான் வருகிறது. எலி வந்த வண்டியில் வயர் கடிபட்டிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

பிறகு கார் ஷாம்பூவோ, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், தண்ணீரில் கலக்கும் டிகிரீசரோ போதும். பெயின்ட் பிரஷ்ஷால் தடவி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். அலசுவதற்கு இஸ்திரிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில், துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வேண்டவே வேண்டாம். அந்த ஆவி தீப்பிடிக்க ஒரு சின்னப் பொறி போதும். டீசல் அடித்துப் பளபளப்பாக்குவதை நம்மூரில் நிறையப் பேர் கேட்டு வாங்குகிறார்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ரப்பர் ஹோஸ்கள் ஊறி உப்பிவிடும், அந்தப் பிசுக்கில் இரண்டே நாளில் பழையபடி புழுதி ஒட்டும். ஃபேன் பெல்ட்டின் மேல் எந்தப் பாலிஷும் படக் கூடாது, வழுக்கும்.

முடிந்ததும் பைகளை எண்ணிக் கழற்றுங்கள். ஒன்று உள்ளே மறந்துபோனால் பெல்ட்டில் சிக்கும். பானெட்டைத் திறந்தபடி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள், கனெக்டர் இடுக்குகளில் நன்றாகக் காயட்டும். பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுக் கேளுங்கள். உதறலோ பெல்ட் கீச்சலோ இருந்தால் அணைத்து, இன்னும் காயவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்து செய்தால் போதும்.

ஒரு வாரம் கழித்து பானெட்டைத் திறந்து மறுபடி பாருங்கள். போன தை மாதம் அப்படிப் பார்த்தபோது, துடைத்து வைத்த இன்ஜினில் அதன் மேல்மூடியான டேப்பெட் கவர் ஓரமாக விரல் நீளத்துக்குப் புது ஆயில் ஈரம் தெரிந்தது. முன்பிருந்த கரிப் பிசுக்கில் அது கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. அந்த வாரமே கவருக்கு அடியில் உள்ள பேக்கிங்கை மாற்றிவிட்டேன்.