ஐப்பசி மழையும் ஒரே ஒரு ரிமோட்டும்

(வாசகர் கேள்வி - பதில்)

ஐப்பசி பிறந்த நாளிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் ஏதோ ஒரு மூலையில் டிவி வந்துவிடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது, வெளியே கால் வைக்க முடியவில்லை, துணி காயவில்லை, பிள்ளைகளுக்குத் தெருவில் விளையாட்டு இல்லை, வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே அறையில். அதனால் இந்த முறை டிவி கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஆறரைக்கு டிவியைப் போட்டால் பத்து மணி வரை ரிமோட் சண்டைதான். மாமியாருக்கு சீரியல், கணவருக்கு கிரிக்கெட் இல்லாவிட்டால் செய்தி விவாதம், பையனுக்கு கார்ட்டூன், பெண்ணுக்கு போன் ஒன்றே போதும். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. மழை நாளிலாவது எல்லோரும் சேர்ந்து எதையாவது பார்க்க வழி இருக்கிறதா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இருக்கிறது மா. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குச் சுருக்கென்று தைத்தது "எனக்குச் சொல்லத் தெரியாது" என்ற வரி, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நாளைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கும்போது உங்கள் கையைக் கவனியுங்கள். பெரும்பாலும் கை அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும், காது மட்டும் டிவியில் இருக்கும். ஏதோ ஒரு இடத்தில் கத்தி நிற்கும். அது ஒரு பழைய பாட்டாக இருக்கலாம், பட்டிமன்றத்தில் ஒருவர் பேசிய பேச்சாக இருக்கலாம், எங்கோ ஒரு ஊர்க் கோயில் குளத்தைக் காட்டியதாக இருக்கலாம். கத்தி நின்ற நிகழ்ச்சியின் பெயரை, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவையுங்கள். எனக்கு இப்படித்தான் தெரியவந்தது: பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், சக்கரத்தில் பானை வனைகிற ஒரு பெரியவரைக் காட்டினார்கள், அவர் விரலை உள்ளே விட்டு மண்ணை மேலே இழுக்க இழுக்க அது கழுத்தாகி, விளிம்பாகி வந்தது, முடிந்து விளம்பரம் போட்ட பிறகு பார்த்தால் என் கையில் அதே பூண்டுப் பல் தோலோடு இருக்கிறது. ஒரு வாரம் எழுதினால் மூன்று பெயராவது தேறும். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ரிமோட். டிவியைப் போட்ட பிறகு என்ன பார்க்கலாம் என்று யோசித்தால் சண்டை வரத்தான் செய்யும், ஏனென்றால் அந்த நேரத்தில் எல்லோருக்கும் களைப்பு, யார் கையில் ரிமோட் இருக்கிறதோ அவர் சேனல் சேனலாகத் தாண்டிக்கொண்டே போவார், அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். காலையில் இட்லி சாப்பிடும்போதே இன்றைக்கு என்ன என்று முடிவு செய்துவிடுங்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கு ஒரு நாள், எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை அந்த ஆள் சொல்வதுதான் ஓடும், மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உங்கள் நாளை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், விருந்தாளி வந்தாலும் சரி. பெண்ணின் நாளில் போனில் பார்ப்பதையே பெரிய திரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், முதலில் வெட்கப்படுவாள், அப்புறம் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

மாமியாரின் சீரியலில் கை வைக்க வேண்டாம். நாள் முழுக்க அவருக்கென்று இருப்பது அந்த அரை மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் போகக்கூடாது என்பது விதி, அந்தக் கணக்கில் அரை மணி சீரியலில் 6 நிமிஷம் விளம்பரம், நேற்றைய கதையையும் நாளைய கதையையும் காட்டும் நேரத்தையும் கழித்தால் இன்றைய கதை இருபது நிமிஷம்கூடத் தேறாது. இருபது நிமிஷம்தானே. வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து "இவ யாரு அத்தை, இவளோட அண்ணியா?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகத்தைப் பாருங்கள்.

எல்லோரும் சேர்ந்து பார்க்க ஒன்று கேட்டீர்கள். என் வாக்கு கபடிக்குத்தான். புரோ கபடி ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதத்தில் வருவதில்லை, ஆனால் 2022-லும் 2024-லும் அக்டோபரில்தான் தொடங்கியது, 2025-ல் அக்டோபர் கடைசி வரை நடந்தது, ஆக ஐப்பசி மழைக்கும் அதற்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. இருபது இருபது நிமிஷமாக இரண்டு பாதி, ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். ஒரு ரைடுக்கு, அதாவது ஒருவர் எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் தொட்டு வர, 30 விநாடி, பையனுக்கு அலுக்க நேரமே இருக்காது. தமிழ் வர்ணனை உண்டு, 2017-லிருந்து தமிழ் தலைவாஸ் என்று நமக்கென ஒரு அணியும் இருக்கிறது. முக்கியமான காரணம், இந்த விளையாட்டை யாரும் உங்கள் மாமியாருக்கு விளக்க வேண்டியதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் ஊரில் பார்த்திருப்பார், ரைடருக்குக் கால் எங்கே தப்பியது என்று அவர்தான் உங்கள் பையனுக்குச் சொல்லுவார்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோதும் எங்களுக்கு அந்த ஒரு சேனல்தான், வெள்ளிக்கிழமை ராத்திரி சினிமாப் பாட்டு போடும் 'ஒளியும் ஒலியும்' பார்க்க எதிர்வீட்டுச் சிவப்பு சிமெண்டுத் தரையில் இருபது பேர் இருப்போம். மழைக்குக் கரண்டு போனால் யாரும் எழுந்து போகமாட்டோம், வந்துவிடும் வந்துவிடும் என்று இருட்டிலேயே பேசிக்கொண்டிருப்போம். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பிடிக்காததையும் பார்த்தோம், நிறையப் பார்த்தோம். ஆனால் அன்று பக்கத்தில் இருந்தவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

கேள்வி: நல்ல மழையில் சூடாக பஜ்ஜி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. கேபிள் இருக்கும் பக்கத்து வீட்டில் ஓடுகிறதே, எப்படி?
- ஒரு வாசகர், கடலூர்

பதில்: உங்கள் டிடிஎச் டிஷ்ஷுக்கு வருவது கேயு பேண்ட் சிக்னல், 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம். அதன் அலை நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர், கனத்த மழைத்துளிகள் அதை நன்றாக உறிஞ்சிவிடும், சிதறடிக்கவும் செய்யும். கேபிள்காரர்கள் பெரிய டிஷ் வைத்துப் பெரும்பாலும் சி பேண்டில் எடுப்பார்கள், அது 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அலை நீளம் ஏழு சென்டிமீட்டருக்கு மேல், மழையை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அடைமழை கொஞ்சம் குறைந்தால் உங்களுக்குப் படம் தானாக வந்துவிடும், பெட்டியை அணைத்து அணைத்துப் போட வேண்டாம்.

வெறும் தூறலுக்கே போகிறது என்றால் விஷயம் வேறு. டிஷ் திசை கொஞ்சம் திரும்பியிருக்கும், அல்லது ஒயர் மாட்டுகிற இடத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும். வெயில் வந்த பிறகு ஆளை வரச்சொல்லிப் பாருங்கள். மழையோடு மழையாக மொட்டைமாடிக்கு நீங்கள் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். இடி தொடங்கும் முன்பே பிளக்கையும் பிடுங்குங்கள், டிஷ் ஒயரையும் பெட்டியிலிருந்து கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

கேள்வி: மழை என்றாலே என் கணவர் காலையிலிருந்து ராத்திரி வரை செய்தி சேனல்தான். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், எண்பது வயது மாமனார் பயந்து தூங்குவதே இல்லை. செய்தி வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, நாங்கள் ஆற்றங்கரை ஊர்.
- ஒரு வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: ஆற்றங்கரை ஊர் என்றால் செய்தி பார்க்கத்தான் வேண்டும் மா, உங்கள் கணவர் செய்வதில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். காலையில் ஒரு முறை, மதியம் வானிலை மையத்தின் அறிவிப்பு வரும்போது ஒரு முறை, ராத்திரி படுக்கும் முன் ஒரு முறை, ஒவ்வொன்றும் பதினைந்து நிமிஷம். நடுவில் புதிதாக ஏதாவது இருந்தால் போனுக்கு வந்துவிடும்.

மாமனாருக்குச் சொற்களை விளக்கிச் சொல்லுங்கள், பயம் பாதி குறையும். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. மிக கனமழை என்றால் 204.4 மி.மீ. வரை. அதற்கு மேல் போனால்தான் அதி கனமழை. இந்த மூன்றும் மூன்று வேறு செய்தி, திரையில் எல்லாமே ஒரே சிவப்பில் ஓடுவதால் வயதானவர்களுக்கு எல்லாமே வெள்ளமாகத் தெரிகிறது. சென்னை வானிலை மையத்தில் ரமணன் இருந்த காலம் நினைவிருக்கிறதா? அவசரமே இல்லாமல், எங்கே எவ்வளவு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார், வீடு அடங்கிக் கேட்கும், மழை லீவு கிடைக்கும் என்று பள்ளிப் பிள்ளைகள் அவரைத் தெய்வமாகவே பார்த்தார்கள். அந்த அளவுக்குக் கேட்டால் போதும். மீதி நேரம் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பெரியவருக்குப் பழைய பாட்டு எதையாவது போடுங்கள்.

கேள்வி: டிவியில் வரும் படமெல்லாம் பிள்ளைகளோடு பார்க்கக்கூடியதுதானா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 'ஏ' சான்றிதழ் படம் அப்படியே டிவிக்கு வர முடியாது, வெட்டித் தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆனால் பெற்றோர் கவனத்தோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற 'யுஏ' படங்கள் வரும், அதில்தான் கவனம் வேண்டும். 2024 விதிகளின்படி வயதை வைத்து யுஏ 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், அந்த எண்ணைப் பாருங்கள். பழைய படங்களில் வெறும் யுஏ என்றுதான் இருக்கும், அவற்றை நீங்கள் ஒரு முறை பார்த்துவிட்டுக் காட்டுவதே நல்லது.

கேள்வி: அவர் போன பிறகு சாயங்காலம் விளக்கு வைத்ததும் டிவியைப் போட்டுவிடுகிறேன். எதையும் பார்ப்பதில்லை, வீட்டில் ஒரு குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கீழ்வீட்டுக் குழந்தை எப்போதாவது மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகும். நான் செய்வது தவறா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: தவறே இல்லை அம்மா. மழை பெய்கிற ராத்திரியில் ஆளில்லாத வீட்டின் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குரல்தான் வேண்டும் என்றால் நடுநடுவே ரேடியோவையும் வைத்துப் பாருங்கள், அது கூடவே அடுப்படிக்கும் வரும், திண்ணைக்கும் வரும். தூங்கும் முன் டிவியை அணைத்துவிட்டுப் படுங்கள், பாதித் தூக்கத்தில் யாரோ கத்துவது கேட்டு விழித்தால் நெஞ்சு படபடக்கும், அது மட்டும் வேண்டாம்.

வாசலில் நிற்கிற குழந்தையை அடுத்த முறை உள்ளே கூப்பிடுங்கள். அதன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஒரு தட்டில் கொஞ்சம் பொரி வையுங்கள், ரிமோட்டை அதன் கையில் கொடுத்து "நீயே போடு கண்ணு" என்று சொல்லுங்கள். என்ன போட்டது என்று எனக்கு எழுதுங்கள்.