விமான விபத்தில் பிழைப்பது எப்படி? கேள்வி பதில்

(விமானப் பணியாளர்களுக்கு அவசரகாலப் பயிற்சி அளித்த ஒருவர் பதில் சொல்கிறார்)

கே: வானிலிருந்து விழுந்து பிழைத்த பெண்ணின் கதை உண்மையா?

ப: உண்மைதான். 1971 டிசம்பர் 24, பெரு நாட்டில் மின்னல் தாக்கி விமானம் வானிலேயே உடைந்தது. 17 வயது ஜூலியானா கோப்கே இருக்கையோடு சுமார் 3 கி.மீ. கீழே காட்டுக்குள் விழுந்தார். காறை எலும்பு முறிந்துவிட்டது, மூக்குக்கண்ணாடி போய்விட்டது, மிஞ்சியது ஒற்றைச் செருப்பு. ஓடையைப் பிடித்துப் போனால் மனிதர்கள் இருக்கும் இடம் வரும் என்று அப்பா சொல்லித் தந்திருந்தார். அதை நம்பியே நடந்தார். 11ஆம் நாள் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். விமானத்தில் இருந்த 92 பேரில் மிஞ்சியது அவர் மட்டும். விழுந்து பிழைத்தது அதிர்ஷ்டம். அதற்கப்புறம் நடந்தது அவருடைய அறிவு.

கே: எந்த இருக்கை பாதுகாப்பானது?

ப: அப்படி ஒன்று கிடையாது. உட்கார்ந்ததும் கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, இருக்கைகளைத் தடவி எண்ணித்தான் போக வேண்டும்.

கே: 11ஏ இருக்கை?

ப: 2025 ஜூன் 12 அகமதாபாத்தில் விமானத்தில் இருந்த 242 பேரில் பிழைத்த ஒரே ஒருவர் அங்கேதான் இருந்தார். அடுத்த விபத்து வேறு மாதிரி உடையும்.

கே: பறக்கவே பயம். மாத்திரை போடலாமா?

ப: மருத்துவரைக் கேளுங்கள்.

கே: கைப்பையை எடுக்க ஐந்து வினாடி போதுமே?

ப: உங்கள் ஐந்து வினாடி, பின்னால் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஐந்து வினாடி. 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா விமான நிலைய ஓடுபாதையில் இன்னொரு விமானத்தோடு மோதி எரிந்த பயணிகள் விமானத்தில் எட்டுக் கதவில் மூன்றுதான் பயன்பட்டன. 379 பேரும் தப்பினார்கள். பைகளை விட்டுவிட்டு இறங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

கே: எல்லோரும் போனபின் எடுத்தால்? பாஸ்போர்ட் இருக்கிறதே!

ப: நீங்கள் இறங்கும்வரை பணிப்பெண் இறங்க மாட்டார், அவருக்கும் வீடு இருக்கிறது. பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வையுங்கள். பையை விடுங்கள்.

கே: கடைசி வரிசை நல்லதா?

ப: மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். கதவை எண்ணுங்கள்!

கே: கடலில் இறங்கினால்?

ப: உயிர்காப்பு அங்கியை உள்ளே ஊதவே ஊதாதீர்கள். 1996இல் கொமொரோஸ் தீவுகள் அருகே கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் கடலில் விழுந்தபோது பலர் உள்ளேயே ஊதிவிட்டார்கள். தண்ணீர் ஏறியதும் அங்கி அவர்களைக் கூரையோடு அழுத்தியது, முங்கி வெளியே வர முடியவில்லை. வாசலைத் தாண்டியபின் அங்கியை ஊதவைக்கும் கயிற்றை இழுங்கள்.

கே: பெல்ட்டை யாருக்குத்தான் கழற்றத் தெரியாது?

ப: பதற்றத்தில் கை காரில் போலப் பொத்தானைத் தேடும். விமானத்தில் மூடியைத் தூக்க வேண்டும். அடுத்த முறை புறப்படுமுன் இரண்டு தடவை தூக்கிப் பாருங்கள், கைக்குப் பழகட்டும்.