வாசகர் கேள்வி பதில்: தீப்பெட்டிக்குள் தங்கம் போனதெங்கே?

கேள்வி: மூக்கனேரிக் கரையில் இருக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு இலைகளில் சுண்டுவிரல் நக அளவுக்குத் தங்க நிற வண்டுகள் இருந்தன. பொன்வண்டு என்கிறான் மகன், இல்லவே இல்லை என்கிறார் மாமியார். ஒன்றைப் பிடித்துத் தீப்பெட்டியில் வைத்தான், செத்ததும் வெறும் பழுப்பாகிவிட்டது. அது என்ன வண்டு? வீட்டுச் சர்க்கரைவள்ளிக் கொடியிலும் ஓட்டை விழுகிறதே, அதுவும் இதன் வேலையா?
– வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: மாமியார் கட்சிதான் ஜெயித்தது. கருவேல இலை போட்டுப் பையன்கள் வளர்க்கும் பொன்வண்டு ஸ்டெர்னோசெரா என்ற பேரினம், புப்ரெஸ்டிடே குடும்பம். அது செத்தாலும் மினுமினுப்பு போகாது, அதன் இறக்கையை வைத்துத் தைத்த முகலாயர் காலத்துத் துணிகள் இன்னும் பச்சையாக மின்னுகின்றன. உங்கள் மகன் பிடித்தது ஆமை வண்டு. உடம்பைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி விளிம்பு நீட்டிக்கொண்டிருக்குமே, தலையும் காலும் அதற்குள் ஒளிந்துகொள்ளும், அதனால் அந்தப் பெயர். ஆஸ்பிடிமார்ஃபா என்ற இந்தப் பேரினத்தை 1840-ல் ஹோப் என்ற ஆங்கிலேயர் வகுத்தார். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உண்டு.

நிறம் போனதற்குக் காரணம், அந்தத் தங்கம் சாயமே இல்லை. மேலோட்டுக்குள் மெல்லிய அடுக்குகள் ஈரத்தோடு இருக்கும்வரை ஒளி அவற்றில் பட்டுப் பொன்னாகத் திரும்புகிறது, செத்து ஈரம் காய்ந்தால் அவ்வளவுதான். அமெரிக்காவில் இதற்கு ஒரு சொந்தக்கார வண்டு இருக்கிறது, சீண்டினால் உயிரோடிருக்கும்போதே சில நிமிடங்களில் தங்கத்திலிருந்து சிவப்புக்கு மாறிவிடும்.

பொறிவண்டோடும் இதைக் குழப்புவார்கள். பொறிவண்டின் பாதத்தில் மூன்று கணுதான் கண்ணுக்குத் தெரியும், ஆமை வண்டுக்கு நான்கு தெரியும், லென்ஸ் வைத்துப் பாருங்கள் (உண்மையில் இரண்டிலும் ஒரு குட்டிக் கணு ஒளிந்திருக்கிறது). அப்படி நான்கு தெரிகிற இலைவண்டுகளின் குடும்பம் கிரைசோமெலிடே, அதற்குள் கசிடினே என்ற துணைக்குடும்பத்தில் ஆமை வண்டுகள் வருகின்றன. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு: நெல் வயலில் இலையைச் சுரண்டி வெள்ளையாக்கும் ஹிஸ்பா, அந்த முள் முளைத்த கருநீல வண்டு, முன்பெல்லாம் தனித் துணைக்குடும்பமாக இருந்தது, இப்போது அதையும் கசிடினேயில்தான் வைக்கிறார்கள். பார்வைக்கு இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனால் புழுப்பருவத்தையும் மரபணுவையும் ஒப்பிட்டால் பங்காளிகள்!

அப்புறம் உங்கள் கொடி. காட்டாமணக்கு என்று பெயர்தானே தவிர, அந்த ஏரிச் செடி ஆமணக்கு இனமே இல்லை, சர்க்கரைவள்ளியின் பேரினம், ஐப்போமியா. அமெரிக்காவிலிருந்து வந்து ஏரிகளை அடைத்த செடி. அதைத் தின்கிற வண்டு பக்கத்துக் கொடிக்கும் வரத்தான் செய்யும். இலையைத் திருப்பிப் பாருங்கள், பக்கவாட்டில் முள் நீட்டிய புழு, வால் கவையில் தன் பழைய தோலையும் எச்சத்தையும் சேர்த்துக் குடைபோல முதுகுமேல் பிடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். எறும்பு கிட்டே வந்தால் அந்த அழுக்குக் குடையைத்தான் அதன் முகத்துக்கு நேரே ஆட்டும். வீட்டுக் கொடிக்கு மருந்தெல்லாம் எதற்கு? புழு இருக்கிற இலையைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள், போதும். நாலு ஓட்டை விழுந்ததற்காகக் கிழங்கு ஒன்றும் குறைந்துவிடாது.