தலைவர் சீல் ஏன் உங்கள் பைக்கில் இருந்தது?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். என் வயது 41. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கட்சியில் ஒன்றிய அளவில் பொறுப்பு உண்டு. 2019 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் என் மனைவியை நிறுத்தினேன், ஜெயித்தாள். அவளுக்கு வெளி விவகாரம் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவாள். தலைவர் சீல்கூட என் பைக் பெட்டியில்தான் இருக்கும். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிகிறவரை எல்லா வேலையும் பார்த்தது நான்தான். அந்த அனுபவத்தை வைத்து எம்.எல்.ஏ. ஆகலாம் என்று இருக்கிறேன். இதை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டால் வருமானம், பென்ஷன், எதிர்காலம் எப்படி இருக்கும்? கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு இறங்கலாமா? சீட் கிடைக்காவிட்டால் சுயேச்சையாக நிற்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வுக்குப் படிகளெல்லாம் சேர்த்து மாதம் 1 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய். 55 ஆயிரமாக இருந்ததை 2017-ல் இப்படி உயர்த்தி அறிவித்தார்கள். பதவி போன பிறகு ஓய்வூதியம் உண்டு. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி என்கிறார்களே, அதில் ஒரு ரூபாய் உங்கள் கைக்கு வராது. எந்த வேலைக்கு என்று நீங்கள் பரிந்துரை செய்யலாம், பணம் கலெக்டர் வழியாகத்தான் போகும். இந்தப் பதவிக்கு வர, சட்டம் அனுமதிக்கிற தேர்தல் செலவே 40 லட்சம். ஐந்து வருடச் சம்பளத்தை முழுசாகக் கூட்டினால் 63 லட்சம் வரும்.

அந்த ஐந்து வருடத்துக்கும் உத்தரவாதம் கிடையாது. 1989 ஜனவரியில் ஜெயித்துப் போனவர்கள் 1991 ஜனவரி முடிவதற்குள் சட்டமன்றம் கலைந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். 2017 செப்டம்பரில் ஒரே நாளில் 18 பேரைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார், அது செல்லும் என்று மறுவருடம் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கட்சி கொறடா சொல்வதற்கு மாறாக ஓட்டுப் போட்டாலும் பதவி போகும். இதைப் பிழைப்பு என்று நம்பி வருகிறவன் ஒன்று குடும்பத்தைக் கடனில் தள்ளுவான், இல்லை ஊரைச் சுரண்டுவான். கடையை விடாதீர்கள். மைத்துனரிடம் கொடுத்தாலும் கணக்கை நீங்கள் பாருங்கள்.

இனி நான் பேச வேண்டியதைப் பேசுகிறேன். அந்த சீல்.

தலைவர் சீல் என் பைக் பெட்டியில்தான் இருக்கும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. பெட்டியில் ஸ்பேனர் இருக்கிறது என்பதுபோல எழுதிவிட்டுப் பென்ஷனுக்குப் போய்விட்டீர்கள். ஊரே ஓட்டுப் போட்டு உங்கள் மனைவிக்குக் கொடுத்தது அது. அதை ஐந்து வருடம் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள்.

நீங்கள் கடையில் இருக்கிற ஒரு பகல் பொழுதை நினைத்துப் பாருங்கள். தெருக்குழாயில் நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று பக்கத்துத் தெருப் பெண்கள் உங்கள் வீட்டுக்கு மனுவோடு வருகிறார்கள். தலைவர் உள்ளேதான் இருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து என்ன சொல்லியிருப்பார்? "அவர் வரட்டும்மா, வந்ததும் சொல்றேன்." வந்தவர்கள் அடுத்த முறை அவரைத் தேடுவார்களா? நேராக உங்கள் கடைக்கு வருவார்கள். அப்புறம் நீங்கள் எனக்கு எழுதுகிறீர்கள், அவளுக்கு வெளி விவகாரம் தெரியாது என்று. எப்படித் தெரியும் தம்பி? தெரிந்துகொள்ள வேண்டிய ஒவ்வொரு நாளும் குறுக்கே நின்றது நீங்கள்.

கிராம சபை நடக்கும்போது நடு நாற்காலியில் உட்கார்ந்தது யார்? பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் கூட்டத்துக்குப் போனது யார்? ஊராட்சி செயலர் போன் செய்தால் எடுத்தது யார்? தீர்மான நோட்டு அடுப்படிக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வருகிற ஊர்கள் எனக்குத் தெரியும். உங்கள் ஊரும் அதில் ஒன்று என்றுதான் நினைக்கிறேன்.

கையெழுத்து மட்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'மட்டும்' எனக்குக் கோபம் வரவழைத்தது. தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டத்தில் கிராம ஊராட்சிக்கு நிர்வாக அதிகாரியே தலைவர்தான். செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். தவறு நடந்தால் 205-வது பிரிவில் கலெக்டர் நடவடிக்கை எடுப்பது தலைவர் மேல். தணிக்கையில் ஒரு பில் இடித்தால் நோட்டீஸ் வருவது அவர் பெயருக்கு. நீங்கள் சட்டத்தின் கண்ணில் அங்கே இல்லவே இல்லை. அதிகாரம் முழுவதும் உங்களுக்கு, பொறுப்பு முழுவதும் அவருக்கு. "வீட்டுக்காரர் காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன், இப்ப என் பேர்ல விசாரணைங்கிறாங்க" என்று பெண்கள் எனக்கு எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு உங்கள் கடிதத்தை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.

இதை அனுபவம் என்று சொல்லிச் சீட் கேட்கப் போகிறீர்கள். சட்டமன்றத்தில் உறுதிமொழியை உங்கள் வாயால் எடுக்க வேண்டும். கேள்வியை உங்கள் பெயரில் கொடுக்க வேண்டும். வாக்கெடுப்பு வந்தால் நீங்களே எண்ணிக்கையில் நிற்க வேண்டும். தப்பு செய்தால் உங்கள் தலைதான் உருளும். அடுத்தவர் பெயரில் ஆள்வதைத்தான் இதுவரை செய்திருக்கிறீர்கள், உங்கள் பெயரில் பொறுப்பேற்று ஒரு குழாய்கூடப் போட்டதில்லை. கட்சிக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சீட்டும் கிடைத்தாலும் கிடைக்கலாம். நான் எடுத்துக்கொள்கிறேன்.

மதுரை வில்லாபுரத்தில் லீலாவதி என்று ஒரு கவுன்சிலர் இருந்தார். நெசவுத் தொழிலாளர் வீட்டுப் பெண். 1996-ல் ஜெயித்து வந்து, அந்தப் பகுதி மக்களுக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று நின்றார். மறு வருடமே வெட்டிக் கொன்றார்கள். உள்ளாட்சியில் ஒரு பெண் தன் பதவியைத் தானே வகித்தால் அது எவ்வளவு பெரிய விஷயமாகிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன சொல்ல? 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. உங்கள் ஊரில் அந்த இடத்தைப் பெண்ணுக்குக் கொடுத்த மாதிரி கொடுத்து, நீங்கள் திருப்பி எடுத்துக்கொண்டீர்கள்.

இன்னொன்றும் வரப்போகிறது, யோசித்து வையுங்கள். 2021-ல் நம் சட்டமன்றத்துக்கு 234 பேரில் ஜெயித்த பெண்கள் 12 பேர். 2023-ல் அரசியல் சட்டத்தின் 106-வது திருத்தம் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்து அது நடைமுறைக்கு வரும்போது மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. இப்போதுள்ள எண்ணிக்கைப்படி 78 இடம். உங்கள் தொகுதி அதில் போனால் என்ன செய்வீர்கள்? மறுபடி மனைவியை நிறுத்திவிட்டு லெட்டர்பேடையும் பைக்கில் வைத்துக்கொள்வீர்களா?

நான் குடும்பத்தை நம்புகிறவள். புருஷன் பெண்டாட்டி என்றால் ஒருவர் சுமையை ஒருவர் தாங்குவது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் தாங்குவது என்றால் அவர் பி.டி.ஓ. கூட்டத்துக்குப் போகும்போது நீங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவது. பில்லைப் படித்து, இதில் இன்னது இருக்கிறது, சம்மதமென்றால் போடு என்று சொல்வது. முதல் கூட்டத்தில் அவர் திக்கினால் பின்னால் உட்கார்ந்து தைரியம் கொடுப்பது. மனைவியின் பேரையும் முகத்தையும் போஸ்டருக்கு வாங்கிக்கொண்டு ஆளை வீட்டுக்குள் அனுப்புகிறவன் துணைவன் இல்லை. உங்களுக்கு மகள் இருக்கிறாளா என்று எழுதவில்லை. இருந்தால், அம்மா தலைவர், அப்பாவிடம் சீல் என்பதைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறாள்.

கடிதம் முழுக்க ஒரு வரிகூட அவர் என்ன நினைக்கிறார் என்று இல்லை. ஐந்து வருடம் தலைவராக இருந்தவர் அவர், அடுத்த உள்ளாட்சித் தேர்தல் பற்றிப் பேச முதல் உரிமை அவருக்கு. இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கேளுங்கள். மறுபடி நிற்க விருப்பமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், பயத்தில் சொல்கிறாரா, சலித்துப்போய்ச் சொல்கிறாரா என்று உட்கார்ந்து கேளுங்கள். நிற்கிறேன் என்றால் இந்த முறை நீங்கள் கடையோடு நில்லுங்கள். அவர் காலத்தில் கையெழுத்தான வரவு செலவு, தணிக்கை அறிக்கை எல்லாவற்றின் நகலையும் வாங்கி அவர் கையில் கொடுங்கள். எதில் கையெழுத்துப் போட்டோம் என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களுக்கும் பொதுவாழ்க்கை ஆசை உண்மையாக இருந்தால் குறை சொல்ல மாட்டேன். பொது வார்டு ஒன்றில் வார்டு உறுப்பினருக்கு உங்கள் பெயரில் மனுப் போடுங்கள். சின்னப் பதவி என்று முகம் சுளிக்காதீர்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று உங்கள் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். அதை ஐந்து வருடம் கேட்டுவிட்டுச் சட்டமன்றத்தைப் பற்றி யோசிக்கலாம்.

சுயேச்சையாக நிற்கலாமா என்றால், நிற்கலாம். தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். டெபாசிட் 10 ஆயிரம், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 5 ஆயிரம். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் திரும்ப வராது. முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்காவிட்டால் மூன்று வருடம் நிற்கவே முடியாதபடி செய்துவிடுவார்கள். மனுவோடு கொடுக்கிற பிரமாணப் பத்திரத்தில் மனைவியின் நகை, நிலம், வங்கி இருப்பு, கடன் எல்லாவற்றையும் காட்ட வேண்டும், அதை ஊரே படிக்கும். அதற்கும் அவரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவர் நகையை அடகு வைத்துத் தேர்தல் செலவு செய்கிற எண்ணம் இருந்தால், மனுவே போடாதீர்கள்.