வாசகர் கேள்வி – பதில்: கடைசிக் கடிவரை மொறுமொறுப்பு

கேள்வி: ஒசாகாவில் வேலை செய்யும் என் மகன் விடுமுறையில் வந்தபோது, அங்கே விற்கும் 'ஜயன்ட் கோன்' ஐஸ்கிரீமைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். கூர்முனைவரை அந்தக் கோன் மொறுமொறுப்பாக இருக்குமாம். அதன் வரலாறு என்ன? எங்கள் தெருக்கடையில் வாங்கும் கோன் மட்டும் ஏன் நமத்துப்போயிருக்கிறது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஜயன்ட் கோனைத் தயாரிப்பது ஒசாகாவைச் சேர்ந்த எசாகி கிளிகோ நிறுவனம். சிப்பியை வேகவைத்த நீரில் உள்ள கிளைகோஜன் என்னும் சத்தைச் சேர்த்து ரிஇச்சி எசாகி என்பவர் உருவாக்கிய மிட்டாய், 1922 பிப்ரவரியில் ஒசாகாவின் மிட்சுகோஷி அங்காடியில் விற்பனைக்கு வந்தது. நிறுவனத்தின் பெயரே அந்தச் சத்தின் பெயரிலிருந்து பிறந்ததுதான். 1963-இல் ஜயன்ட் கோன் வெளிவந்தது. உலகெங்கும் பேர்பெற்ற போக்கி பிஸ்கட் குச்சிகூட அதற்கு மூன்றாண்டுகள் இளையது. பின்னாளில் குக்கீ சேர்த்த வகை முதலிய பல சுவைகள் வந்தபோதும், சாக்லேட்டும் கொட்டைப் பருப்பும் தூவிய மேற்பகுதியும் அடிமுனையில் திரண்டிருக்கும் சாக்லேட்டும் அதன் அடையாளங்களாக நிலைத்துவிட்டன.

உங்கள் மகன் வியந்த மொறுமொறுப்புக்குக் காரணம் அந்தச் சாக்லேட்டே. மழைநாளில் திறந்து வைத்த அப்பளத்தைப் போல, ஐஸ்கிரீமின் ஈரத்தை வறண்ட கோன் சில நாள்களிலேயே உறிஞ்சிக்கொள்ளும். கோனைச் சுட்டவுடன் கையில் தரும் கடைக்காரருக்கு இது ஒரு பொருட்டன்று. ஆனால், ஆலையில் நிரப்பி மாதக்கணக்கில் உறைபெட்டியில் வைத்து விற்பவர்களுக்கு இதுவே முதன்மையான சிக்கலாக இருந்தது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஸ்பிகா என்ற நிறுவனம் 1959-இல், கோனின் உட்சுவரில் எண்ணெய், சர்க்கரை, சாக்லேட் கலந்த பூச்சைத் தடவி அதற்குத் தீர்வு கண்டது, அதுவே கார்னெட்டோ. கொழுப்பு நீரை ஊடுருவ விடாது என்ற எளிய உண்மைதான் இதன் அடிப்படை. தெளித்த சாக்லேட்டில் மிகுந்தது கீழே வழிந்து முனையில் உறைந்துவிடும். குழந்தைகள் ஆவலோடு காத்திருக்கும் அந்தக் கடைசித் துண்டு, ஈரம் அடியில் தேங்காமல் காக்கும் அடைப்பும்கூட என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

உங்கள் பக்கத்து ராயபுரத்தில் ஆர்.ஜி. சந்திரமோகன் 13,000 ரூபாய் முதலீட்டில் அருண் ஐஸ்கிரீமுக்கு வித்திட்ட 1970-இல் ஜயன்ட் கோனுக்கு ஏழு வயது. அவர் தொடங்கியது குச்சி ஐஸில். அதற்கு இந்தக் கவலை இல்லை.

இன்று நம் ஊர்க் கோன்களிலும் உட்பூச்சு உண்டு. ஆகவே, நமத்துப்போவதற்குக் கோனைவிட, அது கடந்துவரும் வழியே பெரும்பாலும் காரணம் என்பேன். உறைகுளிர் −18 பாகை அளவில் குலையாமல் இருக்க வேண்டும். மின்தடையாலோ, இரவில் பெட்டியை அணைத்துவிடுவதாலோ ஐஸ்கிரீம் இளகினால், உருகிய நீர் பூச்சின் விரிசல் வழியே கோனுக்குள் இறங்கிவிடுகிறது. மறுபடி உறைந்தாலும் போன மொறுமொறுப்பு திரும்பாது.

கேள்வி: கோன் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், காசிமேடு

பதில்: மேற்பகுதி சரிந்திருந்தாலோ, மூடியின் உட்புறம் பனித்துகள் படிந்திருந்தாலோ அது ஒருமுறை உருகியது என்று கொள்ளலாம், வேறொன்று கேளுங்கள். உறையையும் படியுங்கள். நம் நாட்டு விதிப்படி சாதாரண ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. தாவர எண்ணெய் சேர்ந்தது 'ஃப்ரோஸன் டெசர்ட்' என்றே அச்சிடப்பட்டிருக்கும்.