ஆடு மேய்த்த சனிக்கிழமைகள்

வணக்கம் அக்கா,

நாங்கள் நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். வந்து 11 வருடம் ஆகிறது. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8.

என் கணவருக்குக் கூப்பன் பைத்தியம். வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் செல்போனோடு உட்காருவார். எந்தக் கடையில் எதற்கு எவ்வளவு தள்ளுபடி, எது நாளையோடு முடிகிறது என்று ஒரு பட்டியல் தயாராகிவிடும். சனிக்கிழமை காலையில் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு நாலு பேரும் கிளம்புவோம். வழியில் ஒரு பார்க், அப்புறம் இரண்டு மூன்று கடை, திரும்பும்போது ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று போட்டிருக்கும் ஏதாவது ஓட்டல். “ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சு” என்பார்.

போன மாதம் ஹில்ஸ்பரோவில் இருக்கும் ட்யூக் ஃபார்ம்ஸ் தோட்டத்துக்குப் போவதாக இருந்தோம். கார் நிறுத்த முன்கூட்டியே பதிவும் செய்திருந்தேன். கிளம்பும் நேரத்தில் ஒரு கூப்பன் அன்றோடு முடிகிறது என்று இவருக்கு ஞாபகம் வந்தது. “பத்தே நிமிஷம்” என்று கடைக்குள் போனோம். வெளியே வரும்போது மணி இரண்டு. கட்டிக்கொண்டு போன சாதத்தைக் கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்தே சாப்பிட்டோம். அப்போது மகள் கேட்டாள்: “அம்மா, நாம எங்கயாவது போறோமா, இல்ல எதையாவது வாங்கப் போறோமா?” இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை.

கவுண்டரில் இவர் ஒவ்வொரு கூப்பனாக எடுத்துக் காட்டும்போது பின்னால் நிற்பவர்களைப் பார்க்க எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. இது சிக்கனமா, கஞ்சத்தனமா? நீங்கள் இங்கே வந்து தங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

பி.கு: மூடிப்போன பெட் பாத் அண்ட் பியாண்ட் என்ற வீட்டுச் சாமான் கடையின் 20 சதவீத நீலக் கூப்பன் ஒரு கத்தை எங்கள் டிராயரில் கிடக்கிறது. தூக்கிப் போடவிடமாட்டேன் என்கிறார்.

*

அன்புள்ள தங்கைக்கு,

கூச்சத்தை முதலில் முடித்துவிடுவோம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய்க்காரம்மா நம் முகத்தையும் கைப்பையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். பேரம் பேசுகிறவருக்கு ஒரு விலை, பேசாமல் வாங்கிப் போகிறவருக்கு ஒரு விலை. இரண்டு பேரிடமும் அவருக்கு லாபம்தான். அமெரிக்கக் கடையில் விலையை அச்சடித்து ஒட்டிவிடுவதால் அந்த வசதி இல்லை. அதற்குப் பதிலாக அவர்கள் கண்டுபிடித்ததுதான் கூப்பன். மெனக்கெட்டுத் தேடி, தேதி பார்த்து எடுத்து வருகிறவருக்கு ஒரு விலை, ‘அதற்கெல்லாம் யாருக்கு நேரம்’ என்பவருக்கு ஒரு விலை. மெனக்கெட வேண்டும் என்பதே அதன் சூட்சுமம். எல்லோருக்கும் சுலபமாகக் கிடைத்துவிட்டால் கடைக்காரர் விலையையே குறைத்துவிட்டுப் போகலாமே. ஆக உங்கள் கணவர் செய்வது பேரம். வாயால் பேசாமல் செல்போனால் பேசுகிறார். காந்தி மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசும்போது நாம் பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்க்கிறோமா?

இல்லாதவர்களுக்காக வந்த ஏற்பாடும் இல்லை அது. 1880களின் பிற்பகுதியில் அட்லாண்டாவில் கோகோ கோலாவை ஊருக்குப் பழக்குவதற்காக, ஒரு கிளாஸ் இலவசம் என்று சீட்டு கொடுத்தார்கள். பிரபலமான கூப்பன்களில் ஆரம்பகாலத்தது அதுதான். கொடுத்தவருக்குத்தான் காரியம் ஆக வேண்டியிருந்தது. இன்றும் அப்படித்தான்.

இந்தப் பேர ஆசை எவ்வளவு ஆழமானது என்று ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கத் துணிக்கடையின் கதையைக் கேட்டால் தெரியும். ஆப்பிள் கம்பெனியின் கடைகளை நடத்திப் பேர் வாங்கிய ரான் ஜான்சன் 2011 கடைசியில் அங்கே தலைமைக்கு வந்தார். கூப்பன், தள்ளுபடி என்ற வித்தையெல்லாம் எதற்கு, முதலிலேயே நியாயமான விலையைப் போட்டுவிடுவோம் என்று 2012 பிப்ரவரியில் கூப்பன்களை எடுத்துவிட்டார். யோக்கியமான யோசனைதான். ஜனங்கள் வரவில்லை. அந்த ஒரே வருடத்தில் விற்பனை கால்வாசி விழுந்தது. 2013 ஏப்ரலில் அவரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 15 டாலர் சட்டையை 15 டாலருக்கு வாங்குவதில் என்ன சந்தோஷம்? 30 போட்டிருப்பதை 15க்கு வாங்கினால்தானே ஜெயித்த மாதிரி இருக்கிறது. உங்கள் கணவரை மட்டும் குறை சொல்லாதீர்கள், ஒரு தேசமே அப்படி.

என் மருமகனும் அந்த ஜாதிதான். முதல் தடவை நான் வந்திருந்தபோது ஒரு துணிக்கடையில் 50 டாலருக்கு வாங்கியதற்கு 10 டாலர் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். அன்றைக்குச் செல்லாது, அடுத்த வாரம் வந்து கழித்துக்கொள்ள வேண்டும். அந்தப் 10 டாலரைக் காப்பாற்ற அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அவ்வளவு தூரம் போனோம். சீட்டை வீணாக்கக் கூடாதே என்று எனக்கு ஒரு மிக்சி மாதிரியான சாமானை 38 டாலருக்கு வாங்கிக் கொடுத்தார். அதற்கும் சீட்டு தருவார்களோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது. திருச்சிக்கு வந்ததும் ஆசையாகப் பிளக்கில் செருகினேன். அமெரிக்காவில் 120 வோல்ட், நம் ஊரில் 230 என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. ஒரு உறுமல், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். 10 டாலர் மிச்சம் பிடித்த கதை இது.

சரி, உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்குப் பெரியதாகப் பட்டது அதுதான்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் உண்டு. ஆடிப் பெருக்கு. லால்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஏழெட்டுப் பேர் கிளம்பி ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போவோம். புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம், வடு மாங்காய். காவிரியில் குளியல், படித்துறையில் பூஜை, மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி. அதெல்லாம் முடிந்த பிறகுதான் சின்னக்கடை வீதிப் பக்கம் ஆடித் தள்ளுபடிக்குப் போவது. ஆடியில் கல்யாணம் கிடையாது, துணி வாங்க ஆள் வராது. தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழையதைக் காலி செய்ய வேண்டும் என்பது கடைக்காரரின் கணக்கு. நமக்குத் தலையணை உறை, துண்டு, எனக்கும் தங்கைக்கும் ஒரே தானில் பாவாடைத் துணி. அம்மா கையில் பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாததை நாங்கள் தொட்டால் கையிலேயே ஒரு தட்டு. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்பதால் கடைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது.

நீங்கள் செய்வதும் அதேதான், சாதம் கட்டுவது உட்பட. ஒரே ஒரு வித்தியாசம்: எங்களுக்கு ஆறு முதலில், கடை அப்புறம். ஆடிப் பெருக்கு என்றைக்கு என்பதைத் துணிக்கடைக்காரர் முடிவு செய்யவில்லை. உங்கள் சனிக்கிழமை எங்கே போக வேண்டும் என்பதைக் கூப்பனின் காலாவதித் தேதி முடிவு செய்கிறது. அண்ணனுக்குப் பெண் பார்ப்பது நின்றுபோய் வெறும் ஆடு மேய்ப்பதே மிஞ்சிவிட்டது. உங்கள் மகளுக்கு அது தெரிந்துவிட்டது.

உங்களுக்குக் கொஞ்ச தூரத்திலேயே ஒரு வேடிக்கையான கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது, பெர்கன். அங்கே பராமஸ் என்ற ஊரில் அவ்வளவு பெரிய மால்கள் இருக்கின்றன, ஆனால் ஞாயிற்றுக்கிழமை துணிக்கடை, மேஜை நாற்காலிக் கடை எதுவும் திறக்கக் கூடாது. ப்ளூ லா என்கிறார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். அத்தனை பெரிய பார்க்கிங்கும் நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் மே மாதத்தில் கிடப்பது போலக் கிடந்தது. அந்தச் சட்டத்தை எடுத்துவிடலாமா என்று 1993இல் அங்கே ஓட்டெடுப்பு வைத்தார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்றே ஓட்டு விழுந்தது. பக்திக்காக மட்டும் இல்லை, வாரத்தில் ஒரு நாளாவது ரோடு காலியாக இருக்கட்டுமே என்றுதான். உங்கள் வீட்டிலும் ஒரு பெர்கன் நாள் வைத்துக்கொள்ளுங்களேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கடை வாசல் மிதிப்பதில்லை என்று. மற்ற இரண்டில் அவர் மனம்போல மேயட்டும்.

கணக்கு எழுதும் வேலையை மகளிடம் கொடுங்கள். எடிசனிலிருந்து பராமஸ் போய்வர ஏறக்குறைய 70 மைல். 2025க்கு அமெரிக்க வருமான வரித்துறை, வேலையாகச் சொந்தக் காரில் போனால் மைலுக்கு 70 சென்ட் என்று கணக்கு வைத்திருந்தது. பெட்ரோல், தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து. அப்படிப் பார்த்தால் 49 டாலர், டோல் தனி. கையில் இருக்கும் கூப்பன் 15 டாலருடையது என்றால் அவளே சொல்லிவிடுவாள். அப்பாவிடம் நீங்கள் சொன்னால் சண்டை, அவள் சொன்னால் சிரிப்பார். இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். உங்கள் மாநிலத்தில் பெரும்பாலான சாமானுக்கு 6.625 சதவீதம் விற்பனை வரி, அன்றாடம் உடுத்தும் துணிக்கும் செருப்புக்கும் வரியே கிடையாது. அது காலாவதி ஆகாத கூப்பன், என்றைக்குப் போனாலும் செல்லும்.

கூப்பன் தேடும் அந்தக் குறுகுறுப்பையும் நிறுத்த வேண்டாம், பாவம். திசையை மட்டும் கொஞ்சம் மாற்றிவிடுங்கள். நியூஜெர்சியில் பல ஊர் நூலகங்களில் மியூசியம் பாஸ்களைப் புத்தகம் மாதிரியே இரவல் தருகிறார்கள். எந்த நூலகத்தில் எந்தப் பாஸ், எந்தத் தேதி காலி என்று தேடுவதற்கு உங்கள் கணவரை விட்டால் ஆள் கிடையாது. அதுவும் தள்ளுபடிதானே, நூற்றுக்கு நூறு. கடைக்கு இழுக்காத தள்ளுபடி.

சிக்கனமா கஞ்சத்தனமா என்று கேட்டிருந்தீர்கள். கஞ்சர்கள் கடைக்கே போகமாட்டார்கள் தங்கையே. வாரத்துக்கு மூன்று கடை ஏறுகிறவரை எந்த ஊரில் கஞ்சர் என்பார்கள்?

ட்யூக் ஃபார்ம்ஸுக்கு மறுபடியும் பதிவு செய்யுங்கள். அன்றைக்குச் செல்போன் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

பி.குவுக்குப் பதில்: அந்த நீலக் கூப்பனைக் கடைக்காரர்கள் வாங்குவதை நிறுத்திய தேதி 2023 ஏப்ரல் 26. தேதி தாண்டியதையும் வாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் அமெரிக்கா முழுக்க டிராயர் டிராயராகச் சேர்த்து வைத்திருந்தார்கள். கடை மூடிய சமயத்தில் வேறு சில கடைகள் கொஞ்ச நாள் அவற்றை ஏற்றுக்கொண்டன. இனியும் அவற்றை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தூக்கிப் போடுங்கள். ஒன்றை மட்டும் என் மகளிடம் கொடுத்து அனுப்புங்கள். நீளவாட்டில் நன்றாகத் தடியாக இருக்கும், புத்தகத்தில் அடையாளம் வைக்க எனக்கு ஆகும்.

அன்புடன்
அக்கா